ஐந்நூறாம் இலக்கத்துச் சின்ன எஞ்சின்

இலங்கையின் புகையிரத வரலாற்றைப் பேச வருகிறவர்கள் இரண்டு ஆண்டுகளைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். ஒன்று 1864. அவ்வாண்டு டிசம்பர் 27 ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதலாவது வண்டி ஓடியது. மற்றையது 1905. அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் கொழும்பும் காங்கேசன்துறையும் ஒரே இருப்புப் பாதையால் இணைந்தன. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும்படி கேட்டால், பெரும்பாலானோர் கனடா நாட்டு டீசல் எஞ்சின்கள் வந்திறங்கிய 1954 ஐச் சொல்வார்கள். நீராவி யுகம் முடிந்து டீசல் யுகம் பிறந்தது அப்போதுதான் என்பது பொதுவான எண்ணம்.

அந்த எண்ணம் பாதிதான் உண்மை. கனடாவின் எஞ்சின்களுக்கு ஏறத்தாழ இருபது வருடங்கள் முன்னரே ஒரு டீசல் எஞ்சின் இந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது. அது கடுகதி வண்டி எதையும் இழுக்கவில்லை. அதற்கு எவரும் மாலை போட்டதாகவோ பெயர் சூட்டியதாகவோ செய்தியில்லை. அதற்கு இருந்தது ஓர் இலக்கம் மட்டுமே: 500. அதன் வகைக்கு ஜீ 1 என்று பெயர். அந்த வகையில் அது ஒன்றே ஒன்று. அதன் தொழில் ஷண்டிங். பெட்டிகளைக் கழற்றுவது, பூட்டுவது, ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் தள்ளுவது.

தெமட்டகொடையைத் தெரிந்தவர்களுக்கு ஷண்டிங் என்பதை விளக்க வேண்டியதில்லை. மருதானையிலிருந்து வடக்கே போகும் பாதையில், பேஸ்லைன் வீதிக்கு அண்மையில், எஞ்சின் கொட்டகையும் மாளிகாவத்தை யார்டும் கிடக்கின்றன. கோட்டையிலிருந்து புறப்படும் வண்டியில் யன்னலோரம் அமர்ந்து போகிறவர் பத்து நிமிடத்துக்குள் அந்த இடத்தைக் கடந்துவிடுவார். துருப்பிடித்த பெட்டிகள், எண்ணெய் படிந்த சல்லிக்கற்கள், ஒன்றோடொன்று பின்னிப் பிரியும் தண்டவாளங்கள். இவற்றுக்கு நடுவே எந்த நேரமும் சின்ன எஞ்சின் ஒன்று முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டிருக்கும். பயணிகள் எவரும் அதில் ஏறுவதில்லை. ஆனால் அந்த எஞ்சின் ஒரு நாள் வேலை செய்யாவிட்டால் யாழ்தேவிக்குப் பெட்டிகள் இல்லை, உடரட்டமெனிக்கேக்கும் இல்லை.

டீசல் எஞ்சின் உலகமெங்கும் பெரிய வண்டிகளுக்கு முன்னதாக இந்த யார்டுகளுக்குள் நுழைந்தது ஏன் என்ற கேள்வி எனக்குப் பல காலமாகச் சுவாரசியமானது. விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. நீராவி எஞ்சின் ஒன்றை வேலைக்குத் தயார்ப்படுத்தப் பல மணி நேரம் தீ மூட்டிக் கொதிகலனைச் சூடேற்ற வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும். சாரதியோடு நிலக்கரி அள்ளிப் போட ஒரு பயர்மனும் வேண்டும். நெடுந்தூரம் ஓடும் வண்டியென்றால் இந்தச் செலவுக்கு ஈடாக வேலை நடக்கும். ஷண்டிங் எஞ்சினோ நாளின் பெரும்பகுதியை நின்றுகொண்டே கழிப்பது. ஐந்து நிமிடம் தள்ளும். அரை மணி நேரம் சைகைக்காகக் காத்து நிற்கும். நிற்கிற நேரமெல்லாம் அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கும். ஓடாத குதிரைக்கும் கொள்ளு வைக்க வேண்டிய நிலை இது. டீசல் எஞ்சினை வேண்டாதபோது நிறுத்திவிடலாம், வேண்டும்போது கிளப்பலாம். ஒருவரே ஓட்டலாம்.

சொந்த மண்ணில் நிலக்கரி இல்லாத இலங்கைக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. வங்காளத்திலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த நிலக்கரியைத்தான் நமது எஞ்சின்கள் தின்றன. எண்ணெயும் இறக்குமதிதான். ஆனால் அதே வேலைக்குத் தேவைப்பட்ட அளவு மிகக் குறைவு. ஏற்றி இறக்குவதும் எளிது.

அமெரிக்காவில் இந்த மாற்றத்துக்கு இன்னொரு காரணம் கைகொடுத்தது. நியூயோர்க் நகரத்துக்குள் புகை கக்கும் எஞ்சின்கள் ஓடக்கூடாதென்று அந்த மாநிலம் 1923 இல் சட்டம் இயற்றியது. மின்கம்பி இழுக்க வசதியில்லாத சிறிய யார்டுகள் திண்டாடின. விளைவாக 1925 இல் 300 குதிரைவலு கொண்ட டீசல் மின் எஞ்சின் ஒன்று நியூ ஜெர்சி மத்திய ரயில் கம்பனிக்காக பிரொங்ஸ் யார்டில் வேலைக்கு வந்தது. இலக்கம் 1000. முப்பது வருடங்களுக்கு மேலாக அதே தொழிலைச் செய்து 1957 இல் ஓய்வு பெற்று, பால்டிமோர் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவுக்கு ஆயிரம் என்றால் நமக்கு ஐந்நூறு. இரண்டும் ஷண்டிங் எஞ்சின்கள் என்பது தற்செயல் அல்ல.

நமது ஐந்நூறாம் இலக்கம் பிறந்த இடம் இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசில் நகரத்தில் உள்ள ஸ்கொட்ஸ்வூட் தொழிற்சாலை. செய்தவர்கள் ஆம்ஸ்ட்ரோங் விட்வேர்த் நிறுவனத்தார். பீரங்கியும் போர்க்கப்பலும் செய்து பேர் பெற்றவர்கள். முதலாம் உலகப் போர் முடிந்ததும் பீரங்கிக்குக் கேள்வி குறைந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு வேலை தேடி ரயில் எஞ்சின் செய்யத் தொடங்கினார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் டீசலில் இறங்கினார்கள். சுவிற்சர்லாந்தின் சோரர் கம்பனியின் உரிமம் பெற்று லொறிகளும் அவற்றுக்கான எஞ்சின்களும் செய்தார்கள். பெரிய எஞ்சின்களுக்கு சுல்சர் கம்பனியின் உரிமம் பெற்றார்கள். 1934 இல் செய்யப்பட்ட நமது சின்ன எஞ்சின் இந்த முயற்சியின் ஒரு பிள்ளை.

அதன் உள்ளமைப்பைச் சற்று விளக்க வேண்டும். டீசல் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. அது ஓரளவு வேகத்தில் சுழன்றால்தான் வலு கொடுக்கும்; நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்க அதனால் முடியாது. ஷண்டிங் வேலையோ முழுக்க முழுக்க நின்ற நிலையிலிருந்து இழுப்பதுதான். ஆகவே எஞ்சினைச் சக்கரத்தோடு நேரே பூட்டாமல், அதைக்கொண்டு ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றி, அதில் பிறக்கும் மின்சாரத்தால் மோட்டாரை ஓட்டி, மோட்டாரால் சக்கரத்தைத் திருப்பினார்கள். மின்மோட்டார் நின்ற நிலையில்தான் அதிக இழுவை தரும். இதுவே டீசல் மின் முறை. தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து திரியும் வண்டி என்று இதைச் சொல்லலாம். இன்று வட பகுதிக்கும் மலையகத்துக்கும் போகும் பெரிய எஞ்சின்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

அன்றைய நிலையில் இது நிரூபிக்கப்படாத தொழில்நுட்பம். இதே ஆம்ஸ்ட்ரோங் விட்வேர்த் நிறுவனம் 1935 இல் பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கு ரயில்வேக்கு இரண்டு பெரிய டீசல் எஞ்சின்களை அனுப்பியது. கராச்சிப் பக்கத்து வெப்பத்திலும் புழுதியிலும் அவை நிலைக்கவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தின் எல்.எம்.எஸ். ரயில் கம்பனி இந்நிறுவனத்திடமிருந்து பத்து ஷண்டிங் எஞ்சின்களை வாங்கி வெற்றி கண்டது. பெரிய வண்டியில் தோற்றது, சின்ன வேலையில் நிலைத்தது. இதிலிருந்து ஒரு பாடம் தெரிகிறது. புதிய பொறியொன்றைப் பழக்குவதற்கு உகந்த இடம் யார்டுதான். அங்கே அது பழுதுபட்டால் பயணிகள் நடுக்காட்டில் நிற்க மாட்டார்கள். கொட்டகை கூப்பிடு தூரத்தில் இருக்கும். கைதேர்ந்த மெக்கானிக் வந்து திறந்து பார்ப்பார், கற்றுக்கொள்வார்.

அப்படியானால் ஏன் ஒன்றோடு நின்றது? தயாரித்தவர்களே தொழிலை விட்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் மறுபடி போர் மேகம் திரண்டபோது, 1937 அளவில், ஆம்ஸ்ட்ரோங் விட்வேர்த் ரயில் எஞ்சின் செய்வதைக் கைவிட்டது. ஸ்கொட்ஸ்வூட் மீண்டும் ஆயுதச் சாலையாயிற்று. நமது எஞ்சின் பெற்றோரை இழந்த பிள்ளையாயிற்று. 1938 இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பனியிடமிருந்து மூன்று டீசல் ரயில் தொகுதிகள் வந்தன. வெள்ளி நுரை, வெள்ளிப் பனி, வெள்ளித் தூவல் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. அவற்றின் இலக்கங்கள் 501, 502, 503. அடுத்த வருடம் உலகப் போர். டீசல் கதை அத்தோடு பல வருடங்கள் நின்றது. போர்க்காலச் சுமை முழுவதையும் நீராவி எஞ்சின்களே சுமந்தன.

சுதந்திரத்துக்குப் பின்னர் அந்தக் கதையை மறுபடி தொடங்கியவர் பி.டி. ரம்பால. சாதாரண பயிலுநராகப் புகையிரதப் பட்டறையில் நுழைந்து, பிரதம இயந்திரப் பொறியியலாளராகி, 1955 இல் பொது முகாமையாளரானவர். அவர் காலத்தில் முதலில் வந்தவை இங்கிலாந்தின் பிரஷ் பக்னல் எஞ்சின்கள். 1953 முதல் 25 எஞ்சின்கள். இவற்றிலும் ஒரு விசேடம் உண்டு. பிரஷ் நிறுவனம் இலங்கைக்காகச் செய்த இந்த வடிவமைப்பை அடியொற்றியே 1957 தொடக்கம் பிரித்தானிய ரயில்வேக்கு 263 எஞ்சின்களைச் செய்தது. முதலில் நமக்கு, பிறகு தங்களுக்கு. தண்டவாளம் நம்முடையது, சோதனை அவர்களுடையது என்றும் இதைப் பார்க்கலாம். ஆனால் சோதனைக் களமாக இருப்பதில் ஒரு இலாபமும் உண்டு. எந்த நாட்டுப் பொறி வந்தாலும் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு தலைமுறைத் தொழிலாளர் கொழும்பில் உருவானார்கள்.

அடுத்து வந்தவைதான் கனடாவின் எம் 2 வகை எஞ்சின்கள். 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அவற்றை வழங்கியது. செய்த இடம் ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரம். நன்றியறிதலாகக் கனடிய மாகாணங்களின் பெயர்களே அவற்றுக்குச் சூட்டப்பட்டன. 569 ஆம் இலக்கத்துக்குப் பெயர் ஒன்ராறியோ. 570 அல்பேட்டா. 573 கியூபெக். 591 மனிற்றோபா. இதில் மனிற்றோபாவை உலகமே பின்னர் அறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி பெரலியவில் சுனாமி அள்ளிச் சென்ற, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட மாத்தறை வண்டியை இழுத்துச் சென்றது அதுதான். அந்த எஞ்சினைத் தூக்கியெடுத்துத் திருத்தி மறுபடி ஓட வைத்தார்கள். நினைவு நாளில் அதே எஞ்சின் பெரலியவுக்கு வந்து நின்றிருக்கிறது.

இந்த எம் 2 வகை எஞ்சின்களே யாழ்தேவியையும் இழுத்தன. யாழ்தேவி தொடங்கப்பட்டது 1956 ஏப்ரல் 23 ஆம் திகதி. திகதியைக் கவனிக்க வேண்டும். அதே மாதத்தின் முற்பகுதியில்தான் பொதுத் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. வடக்கையும் தெற்கையும் ஒரே பகற்பொழுதில் இணைத்த வண்டியும், இரு மக்களையும் பிரித்த சட்டமும் இரண்டு மாத இடைவெளிக்குள் பிறந்தன. புகையிரதத் திணைக்களத்தில் நிலைய அதிபர்களாகவும் கார்ட்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் ஏராளமான தமிழர் பணியாற்றிய காலம் அது. ஆங்கிலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் சிங்களத்தில் தேர்ச்சி காட்ட வேண்டியவர்களானார்கள். இரண்டே வருடத்தில், 1958 மே 22 ஆம் திகதி, பொலநறுவைப் புகையிரத நிலையத்தில் வண்டிக்குள் தமிழர்கள் தேடித் தாக்கப்பட்டார்கள். அந்த வருடக் கலவரத்தின் தொடக்கம் ஒரு புகையிரத மேடையில் நிகழ்ந்தது. தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறினாலும் அதன்மேல் ஏறி அமர்கிறவன் மனிதன்தான்.

அறுபதுகளில் வந்த எம் 2 எஞ்சின்களில் 628 ஆம் இலக்கத்துக்குக் காங்கேசன்துறை என்று பெயர் வைத்தார்கள். 629 க்குக் காலி. நாட்டின் இரண்டு கோடிகளிலும் உள்ள துறைமுகங்கள். நல்ல எண்ணத்தோடு வைத்த பெயர்கள். பின்னர் நடந்ததை நாம் அறிவோம். 1985 ஜனவரி 19 ஆம் திகதி முறிகண்டியில் யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. இராணுவத்தினரும் பொதுமக்களும் மாண்டனர். 1990 ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. காங்கேசன்துறைக்கு மறுபடி வண்டி போனது 2015 ஜனவரி 2 ஆம் திகதி. இடைப்பட்ட இருபத்து நான்கு வருடங்களுக்கு மேலாகக் காங்கேசன்துறை என்பது ஓர் எஞ்சினின் பெயராகத் தெற்கில் வாழ்ந்தது. ஊருக்குப் பாதை இல்லை. பெயர் மட்டும் எஞ்சினின் பக்கத்தில் இருந்தது. அந்த வருடங்களில் கொழும்பில் பத்திரிகை வேலை பார்த்த நான், எத்தனையோ இடம்பெயர்வுச் செய்திகளுக்குத் தலைப்பு எழுதியிருக்கிறேன். எந்தத் தலைப்பும் இந்த ஒரு பெயர்ப்பலகை அளவுக்கு நிலைமையைச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்ராறியோவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் ஒன்ராறியோவின் தொழிலாளர் செய்த எஞ்சின் நம்மவரைத் தேடி வந்தது. எண்பதுகளில் நம்மவர் ஒன்ராறியோவைத் தேடிப் போனார்கள். இதைப் படிக்கிறவர்களில் பலர் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருக்கக்கூடும். மேற்கே இரண்டு மணி நேரம் காரோட்டினால் யாழ்தேவியை இழுத்த எஞ்சின்கள் பிறந்த லண்டன் நகரம் வந்துவிடும்.

மறுபடி யார்டுக்கு வருவோம். 1961 இல் அமெரிக்காவின் சதர்ன் பசிபிக் கம்பனியும் ரியோ கிராண்ட் கம்பனியும் மேற்கு ஜெர்மனியின் கிரவுஸ் மாபை நிறுவனத்திடமிருந்து டீசல் ஹைட்ரோலிக் எஞ்சின்களை இறக்கிப் பரீட்சித்தன. மின்மோட்டாருக்குப் பதிலாக எண்ணெயின் ஓட்டத்தால் வலுவைக் கடத்திச் சக்கரத்தைத் திருப்பும் முறை அது. மலையேற்றத்தில், நீண்ட சுரங்கங்களில், பாரமான சரக்கு வண்டிகளில் அவை திணறின. 1968 அளவில் அமெரிக்கர் கைவிட்டார்கள். அடுத்த வருடமே, 1969 இல், இலங்கை ஹைட்ரோலிக் எஞ்சின்களை வாங்கியது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லட் கம்பனியிடமிருந்து ரோல்ஸ் ரோய்ஸ் எஞ்சின் பூட்டிய ஷண்டிங் வண்டிகள் இருபதுக்கும் மேல் வந்தன. வை வகை என்று பெயர். அமெரிக்கர் கழித்த முறையை நாம் வாங்கியது அறியாமையா? அப்படிச் சொல்ல முடியாது. ஆறு சக்கர ஷண்டிங் எஞ்சினுக்குச் சியரா நெவாடா மலை ஏற வேண்டியதில்லை. சமதரை யார்டில் பத்துப் பெட்டிகளைத் தள்ளினால் போதும். அந்த வேலையை அவை பல்லாண்டுகள் செய்தன. ஒரு பொறி நல்லதா கெட்டதா என்பதை அதன் பிறப்பிடம் தீர்மானிப்பதில்லை. அது செய்யும் வேலையே தீர்மானிக்கிறது.

இன்னொரு சுவையான விடயம் மொழி சம்பந்தமானது. நீராவியும் புகையும் போய்ப் பல காலமாகிவிட்டது. ஆனால் இலங்கைத் தமிழில் இன்றும் அது புகையிரதம். திணைக்களத்தின் பெயர் புகையிரதத் திணைக்களம், நிலையத்தின் பெயர் புகையிரத நிலையம். ஊரிலே முதியவர்கள் கோச்சி என்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் எங்கள் சொல்லைக் கேட்டுப் புன்னகைப்பதுண்டு. பழைய சொல்லொன்று புதிய பொருளைச் சுமப்பதில் தவறில்லை. எஞ்சின்கள் மாறினாலும் இலக்க வரிசை தொடர்ந்தது போலத்தான் இதுவும். அந்த ஐந்நூறில் தொடங்கிய வரிசையிலேயே பிறகு வந்த ஒன்ராறியோவும் மனிற்றோபாவும் காங்கேசன்துறையும், ரோல்ஸ் ரோய்ஸ் பூட்டிய ஷண்டிங் வண்டிகளும், வாரணாசியிலிருந்து வந்த எம் 8 எஞ்சின்களும் எண்ணப்பட்டன.

நீராவி எஞ்சின்களுக்கு இன்று மதிப்பு உண்டு. தெமட்டகொடைக் கொட்டகையில் அவற்றைப் பேணினார்கள். 1986 இல் தொடங்கிய வைஸ்ரோய் விசேட வண்டியில் வெளிநாட்டார் ஏறிப் படம் பிடித்தார்கள். 2014 இல் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இரும்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மனிதர்களுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. தெமட்டகொடையிலும் இரத்மலானையிலும் எண்ணெய்க் கையோடு வேலை செய்த சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர்; இரவு வேலையில் பச்சை விளக்கு அசைத்த ஷண்டர்கள்; அநுராதபுரத்திலும் வவுனியாவிலும் சாவி மாற்றிய நிலைய அதிபர்கள். இவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகச் சொற்பம். நமது பத்திரிகைகள் புகையிரதத்தைப் பற்றி எழுதியதெல்லாம் அது தடம் புரண்டபோதும், எரிந்தபோதும், நின்றபோதும்தான். அது ஒழுங்காக ஓடிய ஆயிரக்கணக்கான நாட்களுக்குச் செய்திமதிப்பு இல்லை என்பது எங்கள் தொழிலின் வழக்கம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையோ பாட்டனாரோ புகையிரதத்தில் வேலை பார்த்திருந்தால், அவர் சொன்னவற்றை எழுதி வையுங்கள். எந்த ஆண்டில் எந்த நிலையம், எந்த எஞ்சின், குவார்ட்டர்ஸ் எங்கே இருந்தது, 1958 இலும் 1983 இலும் யார் வீட்டில் ஒளிந்திருந்தார், யார் காப்பாற்றினார். பெரிய இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை. வரலாறும் ஒரு யார்டு போன்றதுதான். கடுகதி வண்டியை எல்லோரும் பார்க்கிறார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பூட்டுவதற்கு ஒரு சின்ன எஞ்சின் வேண்டும்.